லண்டன் காலராவும் வில்லியம் ஃபாரின் பட்டியலும்: தரவு முந்தியதா, ஊகம் முந்தியதா?

நெடுங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அண்மையில் இங்கே நடந்த வேறொரு விவாதத்தில், தரவுகளைச் சேர்த்து அவற்றிலிருந்து பொதுவிதியைத் தொகுத்தறிவதுதான் அறிவியல் என்றும், தரவு கைக்கு வருமுன்பே ஊகம் செய்பவருக்கும் கிளி சோதிடருக்கும் வேறுபாடு இல்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1854-ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த வரைபடத்தை அதற்குச் சான்றாகவும் காட்டியிருந்தார். இறந்தவர்களின் வீடுகளை ஸ்னோ வரைபடத்தில் குறித்தாராம். அந்தக் குறிகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி மொய்த்திருக்கக் கண்டாராம். நோய் தண்ணீரில்தான் இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்ததாம். நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காலரா நீரின் வழியே பரவுகிறது என்ற கருத்தை ஸ்னோ சிறு நூலாக அச்சிட்டது 1849-இல், அதாவது வரைபடத்துக்கு 5 ஆண்டுகள் முன்பு. அவருடைய சிந்தனை தொடங்கிய இடம் நோயாளியின் வயிறு. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். காற்றின் வழியே நஞ்சு உள்ளே போயிருந்தால் உடம்பு முழுவதும் முதலில் கெட்டிருக்க வேண்டும். காலராவிலோ முதலில் கலங்குவது குடல். ஆகவே அந்த நஞ்சு விழுங்கப்பட்டிருக்க வேண்டும், குடலிலேயே பெருக வேண்டும், கழிவோடு வெளியேறித் தண்ணீரில் கலந்து அடுத்தவர் வாய்க்குப் போக வேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்த நஞ்சை அவர் கண்ணால் கண்டதில்லை. ஈதரும் குளோரோஃபார்மும் கொடுத்து மயக்கமூட்டுவது அவருடைய தொழில் என்பதால், ஒரு வாயு இருக்குமிடத்தை விட்டு விலக விலக எவ்வளவு விரைவில் நீர்த்துப்போகும் என்பதை மட்டும் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்.

அதே காலத்தில், அதே ஊரில், தொகுத்தறிதலை மிக நேர்மையாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர். 1848-49 கொள்ளைநோயில் இறந்தவர்களின் கணக்கை அவர் லண்டன் வட்டாரங்களின்படி பிரித்து, வீட்டு வாடகை மதிப்பு, மக்கள் நெருக்கம் எனப் பலவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும்விட அழகாகப் பொருந்தியது தேம்ஸ் ஆற்றிலிருந்து நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே. 20 அடிக்குக் கீழே வாழ்ந்தோரில் 10,000 பேருக்கு 102 இறப்புகள். அடுத்த ஒவ்வொரு 20 அடிக்கும் முறையே 65, 34, 27, 22, 17. இந்த 102-ஐ 2, 3, 4, 5, 6 ஆகிய எண்களால் வகுத்துப் பாருங்கள்: 51, 34, 25½, ஏறக்குறைய 20, 17. இரண்டாம் படியைத் தவிர மற்றவை எப்படிப் பொருந்துகின்றன! ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து எழும் நச்சாவி மேலே போகப்போக நீர்த்துவிடுகிறது என்று ஃபார் முடிவு செய்ததில் என்ன வியப்பு?

தரவு பேசியது, தெளிவாகவே பேசியது. ஆனால் அது சொன்னது பொய்.

கணக்கர்

நெடுங்கரை அவர்களே, 30 ஆண்டுகளுக்கு மேல் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் ஃபாருக்காக வழக்காட வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

தொகுத்தறிதல் என்றால் எண்களை அடுக்கி, எது பொருந்துகிறதோ அதைக் காரணம் என்று சொல்லிவிடுவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இலேயே அப்படிச் சொல்லவில்லை. மற்றவை எல்லாம் ஒத்திருக்க, ஒன்றே ஒன்று மட்டும் மாறும் இரு நிலைகளைத் தேடு என்பது அவர் வகுத்த வேறுபாட்டு முறை. ஃபாரின் பட்டியலில் உயரம் மாறும்போதே குடிநீரும் மாறியது, வறுமையும் மாறியது, வடிகாலும் மாறியது. தாழ்ந்த வட்டாரங்களில் பலவும், நகரத்தின் சாக்கடை கலந்த, கடல் ஏற்றத்துக்கு ஆட்பட்ட ஆற்றுநீரையே குடித்தன. எனவே ஃபார் தவறியது தொகுத்தறிதலால் அன்று, அதைப் பாதியில் நிறுத்தியதால்.

இன்னொன்று. 1849-இல் ஸ்னோவின் கருத்து வெறுவெளியில் முளைத்ததா? 1848 இலையுதிர் காலத்தில், காலரா பரவியிருந்த ஹாம்பர்க்கிலிருந்து கப்பலில் வந்த மாலுமி ஒருவர் லண்டனில் ஓர் அறையில் இறந்ததையும், அடுத்து அதே அறையில் தங்கியவரை அந்நோய் பற்றியதையும் அவரே எடுத்துக்காட்டுகிறார். ஹார்ஸ்லிடவுன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சந்துகளில், கழிவுநீர் கலந்த கிணற்றைக் கொண்ட சந்தில் மட்டும் பலர் மாண்டதையும் எழுதுகிறார். இவை தரவுகள் இல்லையா? சிறிய தொகுப்பு என்பதால் தொகுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

நெடுங்கரை

ஐயா, இரண்டாவது கேள்வியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வெறுவெளியில் முளைக்கும் ஊகம் எதுவும் இல்லை. ஸ்னோ இளம் பயிற்சி மருத்துவராக 1831-32-இல் கில்லிங்வொர்த் சுரங்கத் தொழிலாளர்களிடையே காலராவைப் பார்த்தவர். ஆனால் அந்த இரண்டு சந்துகளின் கதையைக் கெட்ட காற்றை நம்பியவரும் தமக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்ள முடியும். நாற்றம் இருந்த சந்தில் நோய் வந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று ஸ்னோவுக்குச் சொன்னது சந்து அன்று.

மில்லின் வேறுபாட்டு முறைக்கு வருகிறேன், ஏனெனில் இந்த வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. தென் லண்டனில் பல தெருக்களில் சதர்க் அண்டு வாக்ஸ்ஹால், லாம்பெத் என்ற இரண்டு குடிநீர் கம்பெனிகள் ஒரே தெருவில் குழாய் போட்டிருந்தன. அடுத்தடுத்த வீடுகளில் ஒன்றுக்கு இது, மற்றதற்கு அது. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்புறம், கடல் ஏற்றம் எட்டாத தேம்ஸ் டிட்டன் ஊருக்கு மாற்றிக்கொண்டது. மற்றது நகரத்துக்குள்ளேயே பேட்டர்சியில் எடுத்துக்கொண்டிருந்தது. அதே காற்று, அதே உயரம், அதே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு. மில் கேட்டது இதுதான். ஆனால் இந்த நிலை 1852 முதல் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. அதை ஒரு சோதனையாகக் கண்டுகொள்ள, தண்ணீர்தான் காரணம் என்ற எண்ணம் முன்பே தலைக்குள் இருந்தாக வேண்டும்.

அந்தச் சோதனை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1854 கோடையில் ஸ்னோ காலரா இறப்பு நிகழ்ந்த வீடுகளின் கதவைத் தட்டி, உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்கிறார். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தண்ணீர் வரியைக் கட்டுபவர் வீட்டுச் சொந்தக்காரர், அவரோ வேறெங்கோ இருக்கிறார். அதனால் ஸ்னோ ஒரு சிறு குப்பியில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்து, சில்வர் நைட்ரேட் கரைசலை அதில் விடுகிறார். பேட்டர்சியில் கடல் ஏற்றத்தோடு உப்பும் வருவதால் அந்தத் தண்ணீர் உடனே பால் திரிந்தது போல வெள்ளையாகிவிடும். டிட்டன் தண்ணீரில் லேசான மங்கல் மட்டும். ஒரு காலனில் முன்னதில் 37.9 கிரெயின் உப்பு, பின்னதில் 0.95 கிரெயின். வீட்டுக்காரருக்கே தெரியாத விடையைக் குப்பி சொல்லிவிடுகிறது.

கொள்ளைநோயின் முதல் 7 வாரங்களின் கணக்கு இது: சதர்க் அண்டு வாக்ஸ்ஹால் நீர் போன 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள், லாம்பெத் நீர் போன 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315-உம் 37-உம். ஃபாரின் உயர விதி இந்த இடத்தில் பேச்சற்று நிற்கிறது.

எந்தத் தரவுத் தொகுப்பிலும் "தண்ணீரின் உப்புச் சுவை" என்று ஒரு பத்தி இருந்திருக்காது, ஐயா. ஊகம் அதைச் சேர்த்தது.

இளவெயில்

நான் முதுகலை இயற்பியல் மாணவன். மருத்துவ வரலாறு அதிகம் தெரியாது. ஒரு ஐயம் மட்டும்.

வென்ற ஊகங்களை மட்டும் எடுத்துப் பேசினால் ஊகம் செய்தவர் எல்லோரும் மேதைகளாகத்தான் தெரிவார்கள். கெட்ட காற்று என்பதும் ஊகம்தானே? எங்கள் துறையில் இதைவிடத் தெளிவான இரட்டை உண்டு. யுரேனஸ் கோளின் பாதையில் இருந்த பிசகைக் கொண்டு, காணாத ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்ப, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. அதே லெவெரியே, அதே முறையில், புதன் கோளின் பாதைப் பிசகுக்குக் காரணமாகச் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-இல் சொன்னார். அதைப் பார்த்துவிட்டதாக லெஸ்கார்போ என்ற ஊர்ப்புற மருத்துவர் அறிவிக்க, வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அப்படி ஒரு கோள் கிடையாது. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகைக் கோள் எதுவும் இல்லாமலே விளக்கிவிட்டது.

ஒரே ஆள், ஒரே முறை, ஒன்று மெய், ஒன்று பொய். ஊகம் பிறக்கும்போதே அது நெப்டியூனா வல்கனா என்று சொல்ல வழி உண்டா?

கணக்கர்

தம்பி கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

வயல்வெளி மருத்துவர்

நான் பொது சுகாதாரத் துறையில் பணியாற்றியவள். தம்பியின் கேள்விக்கு விடை சொல்லத் தத்துவம் எனக்குத் தெரியாது. இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் திடீரென்று வயிற்றுப்போக்கு பரவியது. ஊர்த் திருவிழா முடிந்து இரண்டு நாள். வந்தவர் எல்லோரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினோம். அத்தனை பேரும் அன்னதானத்தில் சாப்பிட்டவர்கள். பட்டியல் நூற்றுக்கு நூறு பொருந்தியது. சமையல்காரரைப் பிடித்து உலுக்காத குறைதான். எங்களோடு இருந்த வயதான சுகாதார ஆய்வாளர் ஒருவர், "அம்மா, நோய் வராதவனும் அங்கேதான் சாப்பிட்டான், ஊரே சாப்பிட்டது. கிழக்குத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை பேர்?" என்றார். அவருக்குக் குழாய் மேல் சந்தேகம். குளோரோஸ்கோப்பில் கிழக்குத் தெருத் தண்ணீரைப் பிடித்து ஆர்த்தோடொலிடின் சொட்டுகளை விட்டோம். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும். அது தண்ணீராகவே இருந்தது. அடுத்த தெருவில் மஞ்சள். சாக்கடைக்குள் ஓடிய குழாயில் விரிசல் இருந்ததை அன்று மாலையே தோண்டிப் பார்த்தோம். நெடுங்கரை ஐயா சில்வர் நைட்ரேட் குப்பியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அந்த ஆய்வாளரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, நம் சென்னையிலேயே நடந்தது. காலராக் கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் கொள்ளைநோயை உண்டாக்குவது ஓ1 என்ற வகை மட்டுமே என்று மருத்துவ நூல்கள் கூறிவந்தன. எத்தனையோ பரவல்களில் சோதித்து, ஒவ்வொரு முறையும் ஓ1-ஐயே கண்டு, தொகுத்து அறிந்த முடிவு அது. 1992-இல் சென்னையில் பரவிய காலராவில் ஓ1 இல்லை. கிடைத்தது ஓ139 என்று பின்னர் எண்ணிடப்பட்ட புதிய வகை. சில மாதங்களில் அது வங்கம் வரை போய் விட்டது. தொகுத்தறிந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆய்வகம், ஓ1 இல்லை என்றதும் "காலரா இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிடும்.

நெடுங்கரை

டாக்டர் அம்மா, அந்த அன்னதானப் பட்டியலை இனி நான் எங்கும் எடுத்துச் சொல்வேன்; ஃபாரின் பட்டியலின் ஊர்ப்புறத் தங்கை அது.

இளவெயிலுக்கு: பிறக்கும்போதே சொல்ல வழி இல்லை என்பதே என் விடை. பிறந்த பின் அந்த ஊகம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கலாம். வல்கனை நான் ஒருபோதும் கெட்ட ஊகம் என்று சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று அது சொன்னது, பார்த்தார்கள், கிரகணங்களின்போதும் பார்த்தார்கள், இல்லை, தோற்றுப்போனது. கெட்ட காற்றுக் கொள்கை அப்படித் தோற்க மறுத்தது.

1849-இல் ஸ்னோவின் நூல் வந்தபோது, லண்டன் மருத்துவ இதழ் ஒன்று அதை மறுத்து எழுதியது. ஆனால் எது நடந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே எழுதியது. நோயே இல்லாத தொலைதூர இடத்துக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய், அதைக் குடித்தவருக்கு நோய் வந்து, குடிக்காதவர் தப்பினால் அதுவே முடிவான சோதனை என்றது. எவரும் செய்யத் துணியாத சோதனை. 1854-இல் அது தானாக நடந்தது. சோஹோவில் முன்பு குடியிருந்து, ஹாம்ப்ஸ்டெட் பகுதிக்குக் குடிபெயர்ந்த கைம்பெண் ஒருவர், பிராட் தெருக் குழாய்த் தண்ணீரின் சுவைக்குப் பழகியவர் என்பதால், நாள்தோறும் ஒரு பெரிய குப்பியில் அதை வரவழைத்துக் குடித்துவந்தார். ஆகஸ்ட் 31 அன்று வந்த தண்ணீரைக் குடித்தார். செப்டம்பர் 2 அன்று இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுப் பெண்ணும் குடித்துவிட்டு இஸ்லிங்டனில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பி, அங்கே இறந்தார். இரண்டு இடத்திலும் அப்போது காலரா இல்லை.

கணக்கர்

நேர்மையாக முழுவதையும் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை வீட்டுப் பணிப்பெண்ணும் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் லேசாகத்தான் இருந்திருக்கும் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில், 1892-இல், மியூனிக்கின் மருத்துவ அறிஞர் பெட்டென்கோஃபர் காலராக் கிருமி வளர்த்த திரவத்தையே எல்லோர் அறியக் குடித்துவிட்டுச் சிறு வயிற்றுப்போக்கோடு தப்பினார். ஒரு நிகழ்வைக் கொண்டு எதையும் நிறுவவும் முடியாது, வீழ்த்தவும் முடியாது என்பதற்காகத்தான் எங்களுக்கு எண்ணிக்கை தேவைப்படுகிறது.

இருந்தாலும், உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அரசின் பொதுச் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் குழு 1855-இல் தந்த அறிக்கையில் ஹாம்ப்ஸ்டெட் நிகழ்வை மறைக்கவில்லை. அந்தத் தண்ணீர் அழுக்கானது என்று ஒப்புக்கொண்டது. ஆனால், கொள்ளைநோய்க் காலத்தில் காற்றில் உள்ள ஏதோ ஒரு தாக்கம் அழுகும் பொருள்களை நஞ்சாக மாற்றுகிறது என்றால், அழுக்குத் தண்ணீரிலும் அதே மாற்றம் நேரலாம் அல்லவா என்று கூறி, ஸ்னோவின் கருத்தை ஏற்கக் காரணம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது. காற்றில் வந்தாலும் காற்று, தண்ணீரில் வந்தாலும் காற்று. இப்படிப்பட்ட கொள்கையை எந்தப் பட்டியல் தோற்கடிக்கும்?

இளவெயில்

அப்படியானால் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்பது?

நெடுங்கரை

செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள், இறப்பும் குறைந்துகொண்டுதான் வந்தது. அதனால்தான் நின்றது என்று ஸ்னோவே உரிமை கொண்டாடவில்லை. கதை சொல்பவர்களுக்குத்தான் கைப்பிடி தேவைப்பட்டது.

வரைபடமும் அப்படியே. அது அச்சாகும்போது விவரங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. பிறருக்குக் காட்டுவதற்காக வரைந்தது அது. எனக்கு அந்தக் குறிகளைவிட, குறிகள் இல்லாத இரண்டு இடங்களே பிடிக்கும். போலந்து தெரு ஏழை விடுதியில் 535 பேர். சுற்றிலும் சாவு, உள்ளே 5 பேர் மட்டும். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுவடிசாலையில் வேலை செய்த 70-க்கும் மேற்பட்டோரில் எவரும் இறக்கவில்லை; அவர்களுக்கு நாள்தோறும் பீர் கிடைத்தது, குழாய்ப் பக்கமே போகவில்லை. குறி இல்லாத இடத்துக்குப் போய், ஏன் இங்கே இல்லை என்று விசாரிக்கத் தொகுப்பு சொல்லாது.

அதே வேளையில், கணக்கர் ஐயாவுக்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்னோவுக்கு அந்த இறப்புகளின் முகவரிகளைத் தந்தது யார்? ஃபாரின் அலுவலகம். பதிவாளர்கள் காலரா இறப்பைப் பதியும்போது அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்பதையும் எழுத வேண்டும் என்று பின்னர் ஏற்பாடு செய்ததும் ஃபார். தமக்கு மாறான கொள்கை ஒன்று, தம்முடைய பதிவேட்டிலேயே தம் விதியை உடைக்க இடம் கொடுத்தவர் அவர்.

கணக்கர்

அதைச் சொன்னீர்களே, அது போதும். ஸ்னோ 1858-இல் 45 வயதில் இறந்துவிட்டார். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1884-இல். ஆனால் ஃபார் அதுவரை காத்திருக்கவில்லை. 1866-இல் கிழக்கு லண்டனில் மட்டும் காலரா இறப்புகள் ஏறத் தொடங்கியபோது, அவர் உயரத்தைப் பார்க்கவில்லை. அந்த வட்டாரத்துக்கு எந்தக் கம்பெனி தண்ணீர் விடுகிறது என்று பார்த்தார். வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று கம்பெனி சத்தியம் செய்தது.

இளவெயில்

பிறகு?

கணக்கர்

வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் வந்தது, தம்பி.